ஓட்டுப் போடப் போய் தாளை மடித்துவிட்டு வந்தேன்: பெர்லினில் ஒரு தேர்தல் நடைச் சுற்றுலா

ஐந்துக்கு நாலு கொடுக்கிறேன். குறைத்த ஒன்றில் பாதி ஹெட்செட்டுக்கு, மீதிப் பாதி கடைசியில் எங்களைத் தள்ளிக்கொண்டு போன கடைக்கு. நடத்தும் நிறுவனத்தின் பெயரைச் சொல்லவில்லை, குறையும் சொல்லப் போகிறேன் என்பதால். பெர்லினில் இந்த மாதிரி நடைச் சுற்றுலாக்கள் நிறைய நடக்கின்றன. சுவர், ஹிட்லரின் பதுங்கு குழி, உளவாளிகள் என்று ஆளுக்கொரு தலைப்பு வைத்திருக்கிறார்கள். நாங்கள் போனது கிழக்கு ஜெர்மனியின் தேர்தல்களைப் பற்றி, கம்யூனிஸ்டுகள் ஆண்டு 1990-இல் மேற்கோடு இணைந்து மறைந்துபோன அந்த நாடு. தேர்தலுக்கு என்ன மூன்று மணி நேரம், ஒரே கட்சி, ஒரே பட்டியல், 99 சதவீதம், அவ்வளவுதானே என்று நினைத்துக்கொண்டேதான் நானும் போனேன். என் மனைவிதான் புக் செய்தாள், மழை வந்தாலும் முதல் அரை மணி நேரம் அறைக்குள்ளேயே நடக்கும் என்று போட்டிருந்தார்கள் என்ற ஒரே காரணத்துக்காக.

தலைக்கு 26 யூரோ. நாங்கள் 14 பேர். பத்து மணி என்று சொல்லி பத்தே கால் மணிக்குத்தான் ஆரம்பித்தார்கள், அதுகூடப் பரவாயில்லை.

அந்த முதல் அரை மணி நேரத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கொடுத்த காசு அதற்கே சரியாகிவிட்டது. அலெக்சாண்டர்பிளாட்ஸுக்குப் பக்கத்தில் ஒரு பழைய அலுவலகக் கட்டடம், இரண்டாவது மாடி. உள்ளே நுழைந்ததும் நீளமாக ஒரு மேஜை, சிவப்புத் துணி விரித்து. மேஜைக்குப் பின்னால் ஒரு பெண்மணி. பெயரைக் கேட்டார், பட்டியலில் தேடினார், ஸ்கேல் வைத்து ஒரு டிக் அடித்தார், ஒரு தாளை நீட்டினார். வரவேற்பு, அறிமுகம், நிகழ்ச்சி நிரல் எதுவும் கிடையாது. தாளில் வரிசையாகப் பெயர்கள், அவ்வளவுதான். வட்டம் இல்லை, கட்டம் இல்லை, சின்னம் இல்லை, டிக் அடிக்க இடமே இல்லை. மேஜையின் அந்தக் கோடியில், மூன்று எட்டு வைத்தால், பெட்டி. திரை போட்ட மறைப்பு ஒன்றும் இருந்தது. அது அறையின் எதிர் மூலையில், நாலைந்து பேர் கண் முன்னால் குறுக்கே நடந்து போனால்தான் வரும். அதன் பக்கத்தில் ஒரு பையன் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தான், மடியில் நோட்டு, கையில் பேனா.

யாரும் யாரையும் தடுக்கவில்லை. யாரும் எதுவும் சொல்லவில்லை, அதுதான் விஷயமே. வரிசையில் முதலில் நின்றவர் தாளைப் பார்த்தார், திருப்பிப் பார்த்தார், அந்தப் பையனைப் பார்த்தார், இரண்டாக மடித்துப் பெட்டியில் போட்டுவிட்டார். அடுத்தவரும் அதையே செய்தார். நான் ஏழாவது ஆள். எதிர் மூலை வரைக்கும் போகலாமா என்று ஒரு கணம் தோன்றியது, பொய் சொல்லவில்லை. ஆனால் பின்னால் ஆட்கள் நிற்கிறார்கள், அந்தப் பெண்மணி அடுத்த பெயரைக் கேட்டுவிட்டார், என்னத்துக்கு வீண் வேலை என்று நானும் மடித்துப் போட்டேன். என் மனைவியும் போட்டாள். பதினாலு பேரில் ஒரே ஒருவர்தான் அந்தத் திரைக்குப் பின்னால் போனார், நரைத்த முடியை ஒட்ட வெட்டியிருந்த ஒரு அம்மா. அவர் போகும்போது பையன் நோட்டில் ஏதோ எழுதினான். அறையில் இருந்த அத்தனை பேரும் அவரையே பார்த்தோம். அவர் வெளியே வர ஒரு நிமிடம் ஆகியிருக்கும், அந்த ஒரு நிமிடமும் எனக்கே ஒரு மாதிரி இருந்தது.

அப்புறம்தான் கைடு வந்தார். ஐம்பத்தெட்டு, அறுபது வயது இருக்கும், கிழக்கு பெர்லினில் பிறந்து வளர்ந்தவர். "நீங்கள் எல்லோரும் இப்போது தேசிய முன்னணிக்கு வாக்களித்துவிட்டீர்கள், நன்றி" என்றார். எல்லாக் கட்சிகளும் சேர்ந்து நின்ற அந்த ஒரே பட்டியலுக்குத்தான் அந்தப் பெயர். தாளில் எதுவும் எழுதாமல் போட்டால் அது ஆதரவு வாக்கு. கிழக்கு ஜெர்மனியில் ஜனங்கள் ஓட்டுப் போடப் போவதைப் பேச்சுவழக்கில் 'ஃபால்டன் கேயன்' என்பார்களாம், மடிக்கப் போவது. வாக்கு ரகசியம் என்று அவர்கள் சட்டத்தில் தெளிவாக இருந்தது, மறைப்பும் ஒவ்வொரு சாவடியிலும் இருந்தது. ஆனால் ஆதரவு தெரிவிக்க எதையும் எழுதவே வேண்டாம் என்னும்போது, பென்சிலைத் தேடிப் போகிறவன் எதற்குப் போகிறான் என்பது ஊருக்கே தெரிந்துவிடும். எதிர்த்துப் போடுவது எப்படி என்று தாளில் எங்கேயும் இல்லை. பட்டியலில் உள்ள ஒவ்வொரு பெயரையும் தனித்தனியாகக் கோடு போட்டு அடித்தால்தான் எதிர் வாக்கு என்று எண்ணுவார்கள்.

படியிறங்கும்போது மனைவியிடம் கேட்டேன், நீயாவது போயிருக்கலாமே என்று. "நீங்க மடிச்சுப் போட்டீங்க, அதான் நானும்" என்றாள். என்னிடம் பதில் இல்லை, எனக்கு முன்னால் இருந்த ஆறு பேரும் மடித்துப் போட்டதால்தானே நான் போட்டேன்.

வெளியே வந்ததும் ஹெட்செட் கொடுத்தார்கள். அலெக்சாண்டர்பிளாட்ஸில் டிராம் சத்தம், பக்கத்தில் ஒருவர் ஸ்பீக்கர் வைத்துப் பாடிக்கொண்டிருந்தார், இந்தக் கருவியோ மூன்று வார்த்தைக்கு ஒரு முறை கொரகொரத்தது. மாற்றிக் கேட்டேன், மாற்றிக் கொடுத்ததும் அதே கதைதான். கடைசியில் கழற்றிப் பையில் போட்டுவிட்டு கைடு பக்கத்திலேயே ஒட்டிக்கொண்டு நடந்தேன். போகிறவர்கள் அப்படியே செய்யுங்கள், அவர் முணுமுணுப்பாகச் சொல்வதுதான் மைக்கில் சொல்வதைவிட நன்றாக இருக்கிறது.

உலக நேரக் கடிகாரத்தின் அடியில் நிறுத்தி, இந்த ஏற்பாடு எங்கிருந்து வந்தது என்று சொன்னார். எனக்கு இதில் பெரும்பாலானது புதிது. போர் முடிந்த மறு வருடம், 1946 அக்டோபரில், பெர்லின் முழுவதற்கும் நிஜமான தேர்தல் ஒன்று நடந்திருக்கிறது. சோவியத் ஆதரவில் அந்த ஏப்ரலில்தான் கம்யூனிஸ்டுகளையும் சமூக ஜனநாயகவாதிகளையும் ஒன்றாகச் சேர்த்து சோஷலிச ஐக்கியக் கட்சி என்று ஆக்கியிருந்தார்கள், பின்னால் கிழக்கு ஜெர்மனியை ஆண்டது இதுதான். ஆனால் பெர்லினில் சமூக ஜனநாயகக் கட்சி தனியாகவும் நின்றது. முடிவு, தனியாக நின்றவர்களுக்கு 48.7 சதவீதம், ஐக்கியக் கட்சிக்கு 19.8. இந்தச் சூடு போதாதா? 1949 மே மாதம் சோவியத் கட்டுப்பாட்டுப் பகுதியில் மக்கள் மாநாடு என்ற சபைக்கு வாக்கெடுப்பு வந்தபோது, போட்டியே இல்லாமல் ஒரே பட்டியல், ஆம் அல்லது இல்லை. அதிலும் கேள்வியை எப்படிக் கேட்டார்கள் தெரியுமா? ஜெர்மனியின் ஒற்றுமையையும் நியாயமான அமைதியையும் நான் விரும்புகிறேன், ஆகவே இந்தப் பட்டியலுக்கு வாக்களிக்கிறேன். வேண்டாம் என்று போட்டால் நீ அமைதிக்கு எதிரி. நாடு சிதைந்து கிடக்கிற நேரத்தில் இப்படிக் கேட்டும் 66.1 சதவீதம்தான் ஆம் என்றார்கள். மூன்றில் ஒரு பங்கு ஆட்கள் அமைதியே வேண்டாம் என்று சொன்ன மாதிரி கணக்கு. அடுத்த வருடம், 1950 அக்டோபர் 15, முதல் ஃபோல்க்ஸ்காமர் தேர்தல், அதாவது மக்கள் சபை. இந்த முறை 99.7 சதவீதம். பதினேழு மாதத்தில் மக்கள் மனசு மாறவில்லை, தாள் மாறியது. ஆம், இல்லை என்ற இரண்டு இடமும் தாளிலிருந்து போய்விட்டது.

இதை அவர் சொல்லும்போது நான் மாடியில் வாங்கிய தாள்தான் கண் முன்னால் வந்தது. ஆளை மிரட்டத் தேவையே இல்லை, தாளை அச்சடிக்கிற விதத்திலேயே பாதி வேலை முடிந்துவிடுகிறது.

அப்புறம் அங்கிருந்து மார்க்ஸ், எங்கெல்ஸ் சிலைகளைத் தாண்டி ஸ்ப்ரே ஆற்றைக் கடந்து நடந்தோம். வழியில் ஒருவர் கேட்டார், ஒரே கட்சிதானே, அப்புறம் எதற்குத் தேர்தல் என்று. அது தப்பு என்றார் கைடு, ஐந்து கட்சிகள் இருந்தன. நமக்குப் புரிகிற பாஷையில் சொன்னால் இது தொகுதிப் பங்கீடு. ஒரே வித்தியாசம், பங்கீடு முடிந்தால் தேர்தலே முடிந்த மாதிரி. 500 இடத்தில் ஐக்கியக் கட்சிக்கு 127. கிறிஸ்தவ ஜனநாயகவாதிகள், தாராளவாதிகள், தேசிய ஜனநாயகவாதிகள், விவசாயிகள் கட்சி, ஆளுக்கு 52. தராசில் நிறுத்த மாதிரி அப்படியே சமம், 1963-லிருந்து ஒன்றுகூட ஏறவில்லை, இறங்கவில்லை. மீதி தொழிற்சங்கம், இளைஞர் அமைப்பு, பெண்கள் அமைப்பு, பண்பாட்டுக் கழகம் இவர்களுக்கு. இந்த அமைப்புகள் அனுப்பும் உறுப்பினர்களில் பெரும்பாலானவர்கள் ஐக்கியக் கட்சிக்காரர்களே என்பதால் 127 என்பது பார்வைக்குத்தான் 127. கூட்டணிக் கட்சிகளுக்கு ஜனங்கள் வைத்த பெயர் 'பிளாக்ஃப்ளோட்டன்'. பள்ளிப் பிள்ளைகள் வாசிக்கிற புல்லாங்குழல் அது, பிளாக் என்றால் கூட்டணி என்றும் பொருள், அதில்தான் சிலேடை. ஊதுகிறவன் எப்படி ஊதுகிறானோ அப்படிச் சத்தம் வரும்.

வேட்பாளர்கள் இடங்களைவிட அதிகமாகவே இருந்தார்களாம், 1960-களின் நடுவிலிருந்து. மிஞ்சியவர்கள் மாற்று உறுப்பினர்கள். யாராவது ஒருவரைத் தோற்கடிக்க வேண்டுமென்றால் வாக்காளர்களில் பாதிப் பேருக்கு மேல் அவர் பெயரை அடித்திருக்க வேண்டும், பென்சில் எடுத்து, எதிர் மூலைக்கு நடந்து போய்.

அடுத்த நிறுத்தம் ஹம்போல்ட் ஃபோரம். பழைய அரண்மனை மாதிரியே புதிதாகக் கட்டியது. இந்த இடத்தில்தான் பலாஸ்ட் டெர் ரெபுப்ளிக், அதாவது மக்கள் சபை கூடிய குடியரசு மாளிகை, இருந்தது, 1976-இல் திறந்தது, 2006-இலிருந்து 2008-க்குள் இடித்துத் தள்ளியது. இங்கே கைடு பிரமாதப்படுத்தினார். நாடாளுமன்றக் கட்டடத்துக்குள்ளேயே உணவகங்கள், பவுலிங், தபால் அலுவலகம், ஐயாயிரம் பேர் உட்காரும் அரங்கம். சபை வருடத்துக்கு ஒரு சில நாள்தான் கூடும். மற்ற நாளெல்லாம் ஜனங்கள் வந்து சாப்பிட்டு, நடனமாடி, பந்து உருட்டிவிட்டுப் போனார்கள். உள்ளே தொங்கிய விளக்குகளின் எண்ணிக்கையைப் பார்த்து 'எரிக்கின் விளக்குக் கடை' என்று பெயர் வைத்திருக்கிறார்கள், அப்போதைய ஆட்சித் தலைவர் எரிக் ஹோனெக்கரைச் சொல்லி. தன் கல்யாண விருந்து இங்கேதான் நடந்தது என்றார். கட்டடத்தை இடித்ததில் அவருக்கு வருத்தம் என்பது முகத்திலேயே தெரிந்தது. உள்ளே நடந்த சபை மேல் மரியாதை கிடையாது, கட்டடம் மேல் பாசம் இருக்கிறது. இரண்டையும் ஒரே ஆளால் வைத்துக்கொள்ள முடிகிறது என்பது எனக்குப் பிடித்திருந்தது, அவர் அதை மூடி மறைக்கவும் இல்லை.

சபையைப் பற்றி இரண்டே சம்பவம் சொன்னார், இரண்டும் நல்ல தேர்வு. ஒன்று, 1972 கருக்கலைப்புச் சட்டம். நாற்பது வருட வரலாற்றில் 1989 இலையுதிர்காலம் வரைக்கும் ஏகமனதாக இல்லாமல் போன ஒரே வாக்கெடுப்பு அது. 14 பேர் எதிர்த்தார்கள், 8 பேர் எந்தப் பக்கமும் போடவில்லை, கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சிக்காரர்கள். அதுவும் மேலிடத்துக்குத் தெரிந்து, விட்டுக்கொடுத்து நடந்ததுதான். இரண்டாவது, 1989 நவம்பர் 13. சுவர் திறந்து நாலு நாள். உளவுத் துறை அமைச்சர் எரிக் மீல்கே, அத்தனை வருடமும் நாட்டையே நடுங்க வைத்தவர், முதல் முறையாகச் சபையில் எழுந்து பேசுகிறார், டிவியில் நேரலை. 'தோழர்களே' என்று பேச ஆரம்பிக்க, ஒரு உறுப்பினர் எழுந்து, இந்தச் சபையில் உள்ள எல்லோரும் தோழர்கள் இல்லை என்கிறார். மீல்கே தடுமாறிப்போய், நான் எல்லோரையும் நேசிக்கிறேன், எல்லா மனிதர்களையும், என்கிறார். சபை சிரித்துவிட்டது. கைடு அந்தக் குரலை நடித்துக் காட்டினார், கொஞ்சம் மிகைதான், ஆனால் பதினாலு பேரும் சிரித்தோம். அதே நாளில்தான் சபாநாயகரை ரகசிய வாக்கெடுப்பில் தேர்ந்தெடுத்தார்களாம், கட்சி முன்கூட்டியே முடிவு செய்யாத போட்டி, நூலிழையில் முடிந்தது. ஆள் அதே ஆட்கள். 1986-இல் 99.94 சதவீத ஆதரவோடு உள்ளே வந்தவர்கள்.

சதுக்கத்தின் மறுபக்கம் இருந்த, நாட்டின் தலைமை உட்கார்ந்திருந்த பழைய அரசுக் கவுன்சில் கட்டடத்தைக் கை காட்டினார். இப்போது அங்கே எம்பிஏ சொல்லிக்கொடுக்கிறார்கள். இதற்கு மேல் நான் எதுவும் சொல்லத் தேவையில்லை.

இதற்குப் பிறகு வடக்கே நல்ல நடை. நடந்துகொண்டே தன் வீட்டுக் கதை ஒன்று சொன்னார், ஹெட்செட் போட்டிருந்தவர்கள் இதைக் கேட்டிருக்க மாட்டார்கள். அவர் முதல் முறையாக ஓட்டுப் போட்டது 1986 தேர்தலில். முதல் முறை வாக்காளர்களுக்குப் பூ கொடுப்பார்கள், அவருக்கும் கொடுத்தார்கள், காலை ஒன்பதுக்கே போய்விட்டார். அவருடைய அப்பா போகவில்லை. கூரை ஒழுகுகிறது, இரண்டு வருடமாக மனு எழுதியும் ஆள் வரவில்லை, ஆள் வந்தால் நான் வருகிறேன் என்று வீட்டிலேயே உட்கார்ந்துவிட்டார். மத்தியானம் ஒரு மணிக்குக் கதவைத் தட்டினார்கள். மூன்று மணிக்கு மறுபடியும் தட்டினார்கள், இந்த முறை பெட்டியையே தூக்கிக்கொண்டு. 'பறக்கும் பெட்டி' என்று அதற்குப் பெயர், நோயாளிகளுக்கு என்று சொல்லி வைத்திருந்தது, வராதவர்கள் வீட்டுக்கெல்லாம் போகும். அப்பா பேரம் பேசினார். புதன்கிழமை ஆள் வருவான் என்று எழுதி வாங்கிக்கொண்டு மடித்துப் போட்டார். ஆள் வந்தானா என்று கேட்டேன். வந்தான், என்றார். தேர்தல் வருடங்களில் மனுக்கள் குவியுமாம், ஜனங்களுக்குத் தெரியும், அவர்களுக்கு இந்தத் தாள் தேவைப்படுகிறது, நமக்குக் கூரை தேவைப்படுகிறது. ஓட்டுக்கு மதிப்பே இல்லாத தேசம் என்று நாம் சொல்கிறோம், அந்த மனிதர் அதை வைத்து ஓடு மாற்றியிருக்கிறார்.

சோஃபி தேவாலயத்தைத் தாண்டி, சியோன் தேவாலயப் படிக்கட்டில் உட்கார வைத்தார்கள். இதுதான் சுற்றுலாவின் முக்கியக் கட்டம் என்று விளம்பரத்தில் இருந்தது. 1989 மே 7, உள்ளாட்சித் தேர்தல். நாடாளுமன்றத் தேர்தல் இல்லை, ஆனால் அதே தாள், அதே மடிப்பு. தேவாலயங்களைச் சுற்றி இயங்கிய சின்னச் சின்னக் குழுக்கள் ஒரு வேலை செய்தார்கள். வாக்கு எண்ணிக்கை பொதுமக்கள் முன்னால் நடக்க வேண்டும் என்று அந்த நாட்டுச் சட்டத்திலேயே இருந்தது, யாரும் போய்ப் பார்த்ததில்லை, அவ்வளவுதான். இவர்கள் போய்ப் பார்த்தார்கள். மாலை ஆறு மணிக்குச் சாவடிக்குள் போய் ஓரமாக நின்று, அதிகாரி உரக்க வாசிக்கும் எண்ணைக் குறித்துக்கொண்டு வந்து, ஒரு இடத்தில் கூடி எல்லாவற்றையும் கூட்டினார்கள். பெர்லினின் வைசன்ஸே வட்டாரத்தில் ஏறக்குறைய எல்லாச் சாவடியிலும் ஆள் நின்றிருந்தது. அவர்கள் கணக்கில் எதிர் வாக்கு இரண்டாயிரத்துக்கும் மேல். அரசு அறிவித்தது ஏறக்குறைய அதில் பாதி. நாடு முழுவதற்கும் தேர்தல் ஆணையத் தலைவர் எகோன் கிரென்ஸ் டிவியில் வாசித்த எண் 98.85 சதவீதம். தேர்தல் மோசடி அவர்கள் குற்றவியல் சட்டத்திலேயே குற்றம், ஆகவே அரசு வழக்கறிஞரிடம் முறைப்படி புகார் கொடுத்தார்கள், எல்லாம் திரும்பி வந்தது. ஒவ்வொரு மாதமும் 7-ஆம் தேதி அலெக்சாண்டர்பிளாட்ஸில் கூடினார்கள், காலையில் நாங்கள் நின்ற அதே இடத்தில். கைது செய்தார்கள், மறு மாதம் மறுபடியும் கூடினார்கள். அக்டோபர் 7, நாட்டின் நாற்பதாவது ஆண்டு விழா, சோவியத் தலைவர் கோர்பசேவ் பலாஸ்ட்டுக்குள் விருந்தில் இருக்கிறார், கூட்டம் அங்கிருந்து பலாஸ்ட்டை நோக்கி நடந்தது.

குழுக்களில் சிலர் இந்தத் தேவாலயத்துக்குப் பக்கத்தில் இருந்த சுற்றுச்சூழல் நூலகத்தைச் சேர்ந்தவர்கள். 1987 நவம்பரில் நடு ராத்திரியில் உளவுத் துறை புகுந்து அச்சு இயந்திரங்களைத் தூக்கிக்கொண்டு போன இடம் அது. நூலகம் என்றால் பெரிதாக எதுவும் நினைக்க வேண்டாம், திருச்சபை வீட்டின் அடித்தளத்தில் இரண்டு மூன்று அறை.

இந்த இடத்தில் எனக்கு ஒரு சந்தேகம். உள்ளபடியே எண்ணியிருந்தாலும் தொண்ணூறு சதவீதம் வந்திருக்குமே, அப்புறம் எதற்குத் திருட வேண்டும்? கேட்டேன். அவர் சொன்ன பதில்: போன முறை 99 வந்த வட்டாரத்தில் இந்த முறை 93 என்று மேலே அனுப்ப எந்த அதிகாரிக்கு மனசு வரும். பக்கத்து வட்டாரத்துக்காரன் 98 அனுப்புவான் என்று அவனுக்குத் தெரியும். பயம் அதிகாரிக்கும் இருந்தது. பதில் சரியாகத்தான் இருக்கிறது, ஆனாலும் எனக்கு முழுசாகத் திருப்தி இல்லை, ஏனென்றால் இது எண்ணைத் திருத்தியதை விளக்குகிறது, அந்தத் தொண்ணூறு ஏன் வந்தது என்பதை விளக்கவில்லை. அதற்கு விளக்கம் காலையில் மாடியிலேயே கிடைத்துவிட்டது என்று நினைக்கிறேன். சுற்றுலாவை மோசடிக் கதையாக விளம்பரப்படுத்துவதற்குப் பதில் மடிப்புக் கதையாகவே விற்கலாம், சரக்கு அங்கேதான் இருக்கிறது.

பிறகு எங்கள் தேர்தல் முடிவை அறிவித்தார். 14 வாக்குகள், ஆதரவு 14. அந்த நரைமுடி அம்மா உடனே எழுந்துவிட்டார், நான் எதிர்த்துப் போட்டேன் என்று. கைடு சட்டைப் பையிலிருந்து அந்தத் தாளை எடுத்து விரித்தார். மேலிருந்து கீழ் வரைக்கும் பெரிதாக ஒரு பெருக்கல் குறி. பெயர்கள் ஒவ்வொன்றாக அடிக்கப்படவில்லை, ஆகவே எதிர் வாக்கு இல்லை என்றார். அப்படியானால் அது செல்லாத வாக்கு, 13 என்றல்லவா வர வேண்டும் என்று அந்த அம்மா விடவில்லை. "நீங்கள் எண்ணும்போது பக்கத்தில் நின்றீர்களா?" என்று கேட்டார் கைடு. யாரும் நிற்கவில்லை. முடிந்ததும் எல்லோரும் ஹெட்செட் வாங்குகிற அவசரத்தில் இறங்கிவிட்டோம்.

அருமையான இடம், அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் 1990 மார்ச் 18, அந்த நாட்டில் நடந்த முதலும் கடைசியுமான சுதந்திரமான ஃபோல்க்ஸ்காமர் தேர்தல், அதற்கு ஐந்தே நிமிடம் ஒதுக்கியதுதான் எனக்குப் பெரிய குறை. 93.4 சதவீதம் பேர் வாக்களித்திருக்கிறார்கள், கதவைத் தட்ட யாரும் வராமலே. கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சிக்கு 40.8 சதவீதம், அதாவது முந்தைய நாற்பது வருடமும் ஒதுக்கிய இடத்தை வாங்கிக்கொண்டு புல்லாங்குழலாக இருந்த அதே கட்சி. பெயர் மாற்றிக்கொண்ட ஐக்கியக் கட்சிக்கு 16.4. எண்ணிக்கையில் ஓரமாக நின்று, குறித்து, கைதாகி, கதவைத் திறந்துவிட்டவர்கள் சேர்ந்து நின்ற பியூண்ட்னிஸ் 90-க்கு 2.9. இதைக் கைடு ஒரே மூச்சில் வாசித்துவிட்டு, சரி, இப்போது கடைக்குப் போகலாம் என்றார். நான் இதற்கு மட்டும் ஒரு மணி நேரம் கொடுத்திருப்பேன். ஜனங்கள் மேற்கு ஜெர்மனியின் மார்க் பணத்தையும் அந்த நாட்டோடு சீக்கிரமான இணைப்பையும் விரும்பினார்கள், அதைத் தருவதாகச் சொன்னவர்களுக்குப் போட்டார்கள், அது அவர்கள் உரிமை. ஆனால் அந்த 2.9 எண்ணைக் கேட்டபோது அந்தப் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தவர்கள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும், யாருக்கும் எழுந்து கடைக்குப் போக மனசில்லை.

கடை. கிழக்கு ஜெர்மன் டிராஃபிக் சிக்னல் மனிதன் போட்ட கோப்பை, டிராபன்ட் கார் பொம்மை, ஹோனெக்கர் படம் போட்ட சாவிக்கொத்து. தேர்தல் சம்பந்தமாக எதுவுமே இல்லை. காலையில் கொடுத்த வாக்குச்சீட்டில் ஒன்றை நினைவுக்குக் கொடுத்திருந்தால் நான் காசு கொடுத்தே வாங்கியிருப்பேன். அங்கே இருபது நிமிடம் நிற்க வைத்தார்கள், விற்பனையில் அவர்களுக்குப் பங்கு இருக்கும் போல.

நடைமுறை விஷயங்கள். மூன்று மணி நேரம் என்றாலும் மூன்றரை ஆகும். நடை நாலு கிலோமீட்டருக்குக் குறையாது, சியோன் தேவாலயப் பக்கம் லேசான ஏற்றம். கழிப்பறை ஹம்போல்ட் ஃபோரத்தில்தான், அதை விட்டால் கிடையாது. பத்து வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளைகளுக்குச் சலிப்பாக இருக்கும், எங்கள் குழுவில் வந்த ஒரு பையன் பாதியில் அப்பா தோளில் தூங்கிவிட்டான். ஆங்கிலத்தில்தான் பேசுகிறார்கள், மெதுவாகத்தான் பேசுகிறார், புரியும்.

இன்னொன்று, பேனா ஒன்று கையோடு கொண்டு போங்கள். கடையில் நிற்கும்போது அந்த நரைமுடி அம்மாவிடம் ஏன் ஒவ்வொரு பெயராக அடிக்கவில்லை என்று கேட்டேன். திரைக்குப் பின்னால் கயிற்றில் கட்டியிருந்த பென்சிலுக்கு முனையே இல்லையாம். அழுத்தி அழுத்தி இரண்டு கோடு போடுவதற்குள் அந்தப் பையன் தொண்டையைச் செருமினான், வந்துவிட்டேன் என்றார். முனை இல்லாமல் வைத்தது வேண்டுமென்றேயா, இல்லை யாரும் சீவி வைக்கவில்லையா என்று கைடிடம் கேட்டேன். அவர் கோப்பைகளுக்கு விலை சொல்லிக்கொண்டிருந்தார். தெரியாது, இதுவரை யாரும் புகார் சொன்னதில்லை என்றார்.